சீக்கிரம் இருட்டும் ஊர்

கோவில்பட்டியில் இந்நேரம் வெயில் எதிர்வீட்டு மாடிச் சுவரை விட்டு இறங்கியிருக்காது. டிசம்பர் மாதமானாலும் சரி, நாலரை மணிக்கு அங்கே மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனால் கண் கூசும். இங்கே அதே நாலரைக்குத் தெருவுக்கு மேலே வானம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. தவமணி சந்தின் முனையில் நின்று கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தான். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. அவன் போட்ட கணக்குதான் தப்பு. எந்த வாசலில் படி இருக்கிறது, எந்த மார்க்கெட்டில் தரை வழுக்கும், எங்கே ஆள் வந்து இடிக்கும், எந்த இடத்துக்கு உச்சிவெயிலில் போனால்தான் உண்டு என்று எல்லாம் யோசித்திருந்தான். ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வைத்திருந்தான். ஆறேகால் வரைக்கும் வெளிச்சம் நிற்கும் என்பது அவன் விசாரித்துத் தெரிந்துகொண்டதல்ல, உடம்பிலேயே இருந்தது. கிழக்கே போகப் போகப் பொழுது முன்னாலேயே விழும் என்று உலக உருண்டையைச் சுற்றிக் காட்டிய வாத்தியாருக்கு அவனும்தான் தலையாட்டினான். ஆனால் நாடு முழுக்க ஒரே மணி. அங்கே நாலரை என்றால் இங்கேயும் நாலரை. அந்த ஒரே மணியை நம்பி, கண்ணை நம்ப முடியாத ஒருவன் இரண்டு ராத்திரி ரயிலில் வந்து, கல்கத்தாவின் வடக்குப் பக்கத்தில் ஒரு சந்தின் வாயில் நின்றுகொண்டிருக்கிறான். பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு.

"என்னத்தான் நின்னுட்டீங்க? இதானா நீங்க சொன்ன சந்து?" என்றாள் செண்பகம். அவள் கையில், வரும் வழியில் வாங்கிய சேலைப் பை சரசரத்தது. அந்தச் சேலைக்குப் போன நேரம்தான் இப்போது வானத்தில் குறைகிறது என்று நினைத்தான். உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டான். இதுதான் என்று சொன்னான். சந்தின் முனையில் தண்ணீர்க் குழாய், அதற்கு எதிரே பூட்டிய அச்சாபீஸ், அச்சாபீஸ் கதவில் சாய்த்து வைத்த தள்ளுவண்டி. ஊரில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராம் வீடியோக்களில் பார்த்து மனப்பாடம் செய்தது அப்படித்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, குழாய் இருக்கிறது. தள்ளுவண்டி இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, ஒரு சாவித் துவாரத்தை நகர்த்துவதுபோல பார்வையை மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்தினால் கிடைக்கும். அவனுக்கு உலகம் இப்போதெல்லாம் அப்படித்தான் கிடைத்தது. பகல் வெளிச்சத்தில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது தெரியும், எழுத்துகூட நன்றாகத் தெரியும், ஊசியில் நூல் கோத்துவிடுவான். பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. ஆட்கள் அவனை நோக்கி நடந்து வருவதில்லை. இல்லாமல் இருப்பார்கள், பிறகு திடீரென்று இருப்பார்கள், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். பேய் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், நடந்து வந்ததைப் பார்த்ததாக ஒருத்தரும் சொல்வதில்லை. பொழுது மங்கினால் அந்தக் குழாயும் தூர்ந்துவிடும். இது அவனுக்கும் மதுரையில் ஒரு டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

செண்பகத்துக்குத் தெரியாது. ஸ்கூட்டரை விற்றதற்கு இடுப்புவலி என்றான், நம்பினாள். சாயங்காலம் கடைக்குப் போகச் சொன்னால் ஆபீஸ் வேலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், அதையும் நம்பினாள். எதிரே கும்பிட்டவர்களைக் கண்டுகொள்ளாமல் போகிறான் என்று தெருவில் பேச்சு வந்தபோது மட்டும் சண்டைக்கு வந்தாள். "பிரமோசன் வந்ததும் கௌரவம் வந்துருச்சாக்கும்னு கேக்குறாக அத்தான், எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிடலாம்போல இருக்கு." கௌரவம்தான் என்று சொல்லிவிட்டான். கௌரவம் பிடித்தவன் என்ற பெயர் எவ்வளவு சௌகரியம். அதற்குள் ஒளிந்துகொண்டு ரொம்ப தூரம் போகலாம். ஆனால் இந்த ஊரில் அவனை யாருக்கும் தெரியாது, கௌரவமும் இல்லை, ஒளிந்துகொள்ள வீடியோக்கள்தான் இருந்தன. ஆபீஸே பயணச் செலவு தருகிற எல்.டி.சி. எடுத்து எங்காவது போவோம் என்று முடிவானதிலிருந்து இன்ஸ்டாகிராமே கதி என்று கிடந்தான். கல்கத்தாவில் படம் எடுக்க நல்ல இடங்கள் என்று தேடினால் வந்துகொண்டே இருக்கும். பூ மார்க்கெட், மஞ்சள் டாக்ஸி, டிராம், பழைய மாளிகைகளின் படிக்கட்டு. எந்த இடமும் அவனுக்கு அழகுக்காக வேண்டியிருக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி யாராவது ஒரு பெண் நடந்துபோவாள், அவளோடு இவனும் நடப்பான், சாப்பாட்டு இடைவேளையில், கழிவறையில், செண்பகம் தூங்கின பிறகு போர்வைக்குள். அவள் நின்ற இடத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் விரித்து, ஓரங்களைப் பார்ப்பான். அழகான பெண்ணும் அழகான சுவரும் நடுவில் இருக்க, இவனுக்கு வேண்டியது சாக்கடை எங்கே, கம்பி எங்கே. இந்தச் சந்தில் மூன்றாவது வாசலைத் தாண்டும்போது எல்லோருடைய வீடியோவும் ஒருமுறை குலுங்கும். ஒரு பெண்ணுடையது, ஒரு வெள்ளைக்காரனுடையது, புதுசாகக் கல்யாணமான ஜோடியினுடையது, எல்லாம் அதே இடத்தில். அங்கே ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அவன் முடிவுசெய்தான். யாருடைய படத்திலும் அந்தக் கல் இல்லை. "எங்கப்பா இன்ஸ்டால என்னையவிடப் பெரிய ஆளு" என்று மிருதுளா சிநேகிதிகளிடம் போனில் சொல்லிச் சிரித்ததை அவன் அடுத்த அறையிலிருந்து கேட்டான். "சேவ் பண்ணி வச்சிருக்கார் பாரு, நம்ம காலேஜ்ல ஒருத்திகிட்டகூட இருக்காது."

"வாங்கப்பா, லைட் போயிரும்" என்றாள் மிருதுளா. முன்னால் இருந்தாளா பின்னால் இருந்தாளா? குரல் இடதுபுறத்திலிருந்து வந்தது. அவன் வலது கையால் சுவரைத் தொடாமல் தொடுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். முதல் வாசல், வாசலில் உட்கார்ந்து யாரோ இருமினார்கள். இரண்டாவது வாசல், கடுகெண்ணெயில் எதையோ வறுக்கிற நெடி. வீடியோவில் நெடி கிடையாது. மூன்றாவது வாசலில் காலைத் தூக்கி வைத்தான். கல் இருந்தது. உயிரோடு இருக்கிற ஒரு ஆளைப் பார்த்ததுபோல சந்தோஷமாக இருந்தது. அப்போது சங்கு ஊதியது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து, தலைக்கு மேலே எங்கேயோ, நீளமாக, அடிவயிற்றிலிருந்து எடுத்து ஊதுகிற ஊதல். செண்பகத்தின் நடை நின்றுவிட்டது. "அத்தான், கேத வீடுபோல இருக்கே. போட்டோ எடுக்கிற எடத்துலயா இப்படி ஆகணும்? திரும்பிருவோம், அவங்க ஒருமாதிரியா நெனைப்பாங்க." அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிர்சாரியில் இன்னொரு சங்கு, பிறகு சந்தின் கோடியில் ஒன்று, அதற்கும் அப்பால் மங்கலாக இன்னொன்று. "ஏ ஆத்தி, எத்தன சாவு!" என்றாள். மிருதுளா சிரித்தாள். "அம்மா, இங்க சாயங்காலம் வெளக்கேத்துனா ஊதுவாங்கம்மா. நல்லதுக்குத்தான். நம்ம ஊரு மாதிரி இல்ல." நல்லதுக்குத்தான். அவனுக்கு முதுகுத்தண்டில் ஏறிய குளிர் இறங்கவில்லை. பார்த்த ஒரு வீடியோவிலும் சங்குச் சத்தம் கிடையாது. எல்லாவற்றின் மேலும் யாராவது ஒரு பாட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். இந்தச் சந்தைத் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தான், பாட்டுக்கு அடியில் இது இவ்வளவு நாளும் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது. விளக்கு ஏற்றிவிட்டார்கள் என்றால் பொழுது முடிந்துவிட்டது என்று இந்த ஊரே சொல்கிறது. ஒவ்வொரு வீடாக, அவனுக்குக் கேட்கட்டும் என்பதுபோல.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கிண்ணத்தின் சுவரில் எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் மின்னும், தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றும் மின்னவில்லை. மின்னாமல் இருக்காது என்று அவன் உத்தேசமாக அழுத்த ஆரம்பித்தான், ஒரு தாளத்துக்கு, பரீட்சையில் தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதிவைப்பதுபோல. "சார், தெரியும்போது மட்டும் அழுத்துங்க. சும்மா சும்மா அழுத்துனா மெஷின் ஏமாறாது, நீங்கதான் ஏமாறுவீங்க" என்றாள் சோதனை செய்த பெண். பிறகு டாக்டர் கேட்டார், சொந்தத்தில் கல்யாணமா என்று. "மாமா பொண்ணுதான் டாக்டர்" என்றான். அதை எப்போதும் சொல்கிற மாதிரி கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். அம்மாவின் தம்பி மகள், உரிமைப் பெண், பிறந்த அன்றைக்கே இன்னாருக்கு என்று பேசி வைத்தது, வெளியில் பெண் தேடி அலையாத குடும்பம். டாக்டர் தலையைத் தூக்காமல் எழுதினார். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது? பெரிய மாமா. செண்பகத்துக்குப் பெரியப்பா. விளக்கு வைத்தால் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள், மாலைக்கண் என்பார்கள், ஆட்டு ஈரல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று வாராவாரம் ஈரல் வாங்கினார்கள். சாகிற வரை அந்த மனிதர் ஈரல் தின்றார். "பிள்ளைங்க எத்தனை?" "ஒரே பொண்ணு டாக்டர். அப்ப ப்ளஸ் டூ முடிச்சிருந்தா." இல்லை, அப்படிச் சொல்லவில்லை, ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள் என்றுதான் சொன்னான். ஞாபகத்தில் அந்த அறைக்குத் திரும்பத் திரும்பப் போய் வார்த்தைகள் தேய்ந்துவிட்டன. டாக்டர் சொன்னது மட்டும் தேயவில்லை. "ஒரு தடவை அழைச்சிட்டு வந்துருங்க. ரெண்டு பக்கத்துலயும் இது ஓடுது. இருந்தே தீரும்னு இல்ல, பாதிக்குப் பாதி." அழைத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த மாதம், பரீட்சை முடியட்டும், மழை விடட்டும். தெரியாமல் இருக்கிற வரைக்கும் பாதியாவது கையில் இருக்கிறது. தெரிந்துகொள்ளப் போனால் அந்தப் பாதியையும் பிடுங்கிக்கொள்வார்கள். சரி, இல்லை என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் நல்லதுதான். ஆனால் அதற்கு முதலில் வாயைத் திறந்து, அப்பாவுக்கு இப்படி, உனக்கும் இருக்கலாம், ஏனென்றால் உன் அம்மா எனக்கு மாமா மகள் என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை அவன் எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறான். 'ஏனென்றால்' என்ற இடத்தில் நின்றுவிடும். செண்பகத்திடம் எப்படிச் சொல்வது? நீயும் நானும் சேர்ந்து செய்தது என்றா?

அதனால் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக, காலேஜ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம், தன் மகளைக் குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தட்டை நீட்டினால் உடனே வாங்குகிறாளா? ஒரு நாள் வாங்கவில்லை, போனில் இருந்தாள். கதவில் தோளை இடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் இடித்துக்கொள்ளும். ஷட்டில் விளையாடுவதை நிறுத்திவிட்டாள், போரடிக்கிறது என்றாள்; போரடிக்கும், ஏன் அடிக்காது? ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே வைத்திருந்த தண்ணீர் வாளியில் காலை விட்டுக் கவிழ்த்தபோது செண்பகம் எல்லோர் முன்னாலும் கத்தினாள், "கண்ணப் பொடதியிலயாடி வச்சிருக்க?" எல்லோரும் சிரித்தார்கள், மிருதுளாவும் சிரித்தாள். அவன் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வாளி நடுவில் இருந்ததா, ஓரத்தில் இருந்ததா? ஓரம் என்றால் எந்த ஓரம்? மறுநாள் அந்த மண்டபத்துக்குத் தனியாகப் போய் நின்று பார்க்கலாமா என்றுகூட யோசித்தான். பைத்தியம். இந்தப் பயணத்தையும் அதற்காகத்தான் அவன் போட்டான், அப்படி மனசுக்குள் ஒப்புக்கொள்ளாமலே போட்டான். இன்று காலையில் ஒரு பழைய மார்க்கெட்டுக்குள் கூட்டிப்போனது, அங்கே கூரை இடுக்கு வழியாக விழுகிற ஒற்றை வெயில் கீற்றில் நின்று படம் எடுத்துக்கொள்வது பிரபலம் என்பதற்காக இல்லை. கீற்று விழும் இடத்துக்குப் போக இருட்டான நடைபாதையைத் தாண்ட வேண்டும். மிருதுளா அதில் எப்படி நடக்கிறாள் என்று பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. உள்ளே நுழைந்த பிறகுதான், இவ்வளவு திட்டம் போட்டவனுக்கு ஒன்று உறைத்தது. இருட்டில் அவள் நடப்பதைப் பார்க்க இருட்டில் பார்க்கிற கண் வேண்டும். செண்பகத்தின் முந்தானையைப் பிடித்ததுபோல அவளை ஒட்டியே நடந்துபோய், கீற்றுக்கு வந்து நிமிர்ந்தபோது மிருதுளா ஏற்கனவே அந்த வெளிச்சத்தில் நின்று முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் அப்படியே தோன்றினாள், நடந்து வராமல்.

சந்து ஒரு இடத்தில் முழங்கைபோல மடங்கியது. மடங்கியதும் வீடு. பச்சைப் பட்டை ஜன்னல்கள் மேலே வரிசையாக, கீழே மஞ்சள் சுவர், சுவரோரம் காகிதப்பூக் கொடி. எத்தனை பேர் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்திருப்பார்கள். ஒரு கால் மடக்கி, முகம் ஜன்னலைப் பார்த்து, யாரோ மேலேயிருந்து கூப்பிட்டதுபோல. எல்லோரும் ஒரே மாதிரி நின்றார்கள், அது அவனுக்கு வசதியாக இருந்தது. நிற்கவேண்டிய இடமும் எடுக்கவேண்டிய இடமும் மனப்பாடம். சந்தில் நாலைந்து பேர் திரும்பிக்கொண்டிருந்தார்கள், இளவட்டங்கள், அவர்கள் பாஷையில் சலித்துக்கொண்டு. அவர்களுடைய செருப்புச் சத்தம் அவனை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயிற்று. அவன் தலையைத் தூக்கி, சுவர் இருக்கிற பக்கமாகத் திரும்பி, வந்து சேர்ந்துவிட்ட நிம்மதியில் குரலை உயர்த்தினான். "பாத்தியா மிது, மஞ்சள் எப்படி நிக்குதுன்னு! வீடியோல பாத்ததவிட நல்லாருக்கு. இந்த வெளிச்சத்துக்குத்தான் அந்தக் கலரு." யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் ஜன்னலுக்குப் பின்னால் யாரோ டிவி போட்டார்கள். "ஆமாப்பா" என்றாள் மிருதுளா. "சூப்பர்." "மஞ்சளா?" என்றது செண்பகத்தின் குரல், பின்னாலிருந்து, சேலைப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியபடி. "எதச் சொல்றாக? இது..." "அம்மா. நீ சும்மா இரு" என்றாள் மிருதுளா. சத்தமாகக்கூட இல்லை.

அவன் போனைத் தூக்கினான். கை செய்யப் பழகியதை அது பாட்டுக்குச் செய்தது. திரையில் வெளிச்சம் வந்தது. அந்தச் சின்னக் கண்ணாடிக்கு அவனைவிடக் கண் நன்றாகத் தெரியும், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் உறிஞ்சி எடுத்துக் காட்டும். சுவர் நீலமாக இருந்தது. புதிதாக அடித்த நீலம், தரையில்கூடச் சொட்டுகள் உலர்ந்து கிடந்தன, காகிதப்பூவை வெட்டியெடுத்திருந்தார்கள். அந்த நீலத்துக்கு முன்னால் அவன் மகள் நின்றுகொண்டிருந்தாள். கால் மடக்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேரே அவனைப் பார்த்து, படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அழுத்தினான். தெரியும்போது மட்டும் அழுத்துங்க. இன்னொரு தடவை அழுத்தினான். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் அவள் இல்லை, கறுப்பு. திரைக்குத் திரும்பினால் இருந்தாள். ஆக, அவளுக்குத் தெரியும். சும்மா இரு என்றாளே. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று அவளுக்குத் தெரியும், எப்போதிலிருந்து? இன்றைக்குக் காலையிலிருந்தா, ரயிலில் மேல் படுக்கையிலிருந்து இறங்கும்போது அவன் காலால் தடவியதிலிருந்தா, அல்லது அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அவளும் அவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தாளா? அந்த எண்ணத்தில் ஒரு சூடு இருந்தது, அழுகை மாதிரி, கிட்டத்தட்ட சந்தோஷம் மாதிரி. மகள் மறைத்துக் காப்பாற்றுகிறாள். ஆனால் அந்தச் சூட்டின் அடியில் வேறொன்று அசைந்தது. அவன் மஞ்சள் என்றவுடன் அவள் ஆமாப்பா என்றாள். முதலில் ஆமாப்பா. செண்பகம் வாயைத் திறந்த பிறகுதான் சும்மா இரு. நீலம் தெரிந்தும் அப்பாவுக்காக ஆமாம் என்றாளா? இல்லை, அவளுக்கும் சுவரில் நிறம் தெரியாமல், அப்பா பார்த்துச் சொல்கிறார் என்று நம்பி ஆமாம் என்றாளா? பிறகு அம்மா மறுத்ததும் மாட்டிக்கொண்டது தான்தான் என்று பயந்து சும்மா இரு என்றாளா? அந்த ஒரு மூச்சு நேரம். அதில் அவள் சுவரைப் பார்த்தாளா, அவனைப் பார்த்தாளா? அதைக் காட்டுகிற படம் ஒன்றும் அவனிடம் இல்லை. எடுத்த படத்தை இரண்டு விரலால் விரித்து அவள் கண்ணைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. படத்தில் எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

"போதும்டி, கொசு பிடுங்குது" என்றாள் செண்பகம். அவள் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை, அல்லது அம்மா மகளுக்குள் எப்போதும் நடக்கிற எரிச்சலில் ஒன்றாக அதை எடுத்துக்கொண்டாள். சந்தின் மடக்கு இப்போது எங்கே இருக்கிறது? வரும்போது எல்லாம் வலதுபுறம் இருந்தது, போகும்போது இடதுபுறம் இருக்கும், இதை அவன் யோசிக்கவில்லை. எந்த வீடியோவிலும் யாரும் திரும்பிப் போகவில்லை. சுவர் வரைக்கும் வருவார்கள், சிரிப்பார்கள், முடிந்துவிடும். திரும்புகிற வழியை யார் எடுத்துப் போடுவார்கள்? அவன் நின்ற இடத்திலேயே நின்றான். காலுக்குக் கீழே தரை இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்பதுபோல இருந்தது. மணி அடித்துக்கொண்டு ஒரு கைரிக்‌ஷா எங்கிருந்தோ வந்தது, அதைப் பிடித்திருந்தவன் ஏதோ கத்தினான், மிருதுளா அப்பாவின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள், நீலச் சுவரின் குளிர்ச்சி முதுகில் பட்டது. சக்கரம் அவர்கள் இருவரின் கால் விரல்களையும் ஒட்டிப் போயிற்று. அவள் மணிச்சத்தம் கேட்டு இழுத்தாளா, வண்டியைப் பார்த்து இழுத்தாளா? நெஞ்சு படபடவென்று அடித்தது. அது அவன் நெஞ்சு என்று நினைத்தான், அவள் தோள் அவன் மேல் சாய்ந்திருந்ததால் யாருடையது என்று சொல்ல முடியவில்லை. செண்பகம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், மடக்கைத் தாண்டிவிட்டாள்போல, பையின் சரசரப்பு குறைந்துகொண்டு வந்தது. "மிது" என்றான். "நீ முன்னால போம்மா. நான் ஒன் தோளப் பிடிச்சுக்கிடுறேன்." சொல்லிவிட்டான். முழு வாக்கியமாக வந்துவிட்டது, 'ஏனென்றால்' எதுவும் இல்லாமல். அதிலேயே எல்லாம் இருந்தது, அவள் புரிந்துகொள்வாள். ஒரு பாரம் இறங்கி, காலடியில் எங்கேயோ உருண்டது. அவள் தோளைத் தேடிக் கையை வைத்தான். தோள் நகரவில்லை.

"இல்லப்பா" என்றாள். மேலே அந்த டிவியில் யாரோ கைதட்டினார்கள். "அம்மா முன்னால போகட்டும். போன்ல டார்ச்சப் போட்டு அம்மாகிட்டக் குடுங்க."

அவன் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் இருவரும் தனித்தனியாகிவிடுவோம் என்று தோன்றியது. எப்போதிலிருந்து என்று கேட்டான், அல்லது கேட்டதாக நினைத்தான். "பஸ்ட் இயர்ல. ஹாஸ்டல்ல கரண்ட் போனப்ப எல்லாரும் நடந்து போறாளுக, நான் மட்டும் நின்னேன்." பிறகு, "நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்ப்பா" என்றாள். குரலில் குற்றம்சாட்டுவது ஒன்றும் இல்லை, பஸ் வரும் என்று காத்திருந்தேன் என்பதுபோலத்தான் சொன்னாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. பாதி என்று அவன் கையில் பொத்தி வைத்திருந்தது எப்போதோ காலியாகியிருக்கிறது, அவன்தான் விரலைத் திறக்காமல் இருந்திருக்கிறான். எந்த இருட்டில் இவள் எதில் மோதினாள், யாரிடம் என்ன பொய் சொன்னாள், எத்தனை சாயங்காலம் ஒரு வாசலில் நின்றுகொண்டே இருந்தாள்? அவனுக்கு எல்லாப் பொய்யும் தெரியும், ஒவ்வொன்றும் அவனிடம் இருந்தது, ஒரு தடவை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பான். சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து செண்பகம் கூப்பிட்டாள். "அங்க என்ன அப்பனும் மகளும் குசுகுசுன்னு? வாங்கத்தான், பசிக்குது. சுவத்தப் பாத்தது போதும்." இப்போது சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு நிமிஷத்தில் பெரிய தெரு வந்துவிடும், கடை விளக்குகள் வந்துவிடும், மூன்று பேருக்கும் சாப்பிட என்ன வேண்டும் என்ற பேச்சு வந்துவிடும், மிருதுளா கேட்கமாட்டாள், இன்னும் இரண்டு வருஷம்கூடக் கேட்காமல் இருந்துவிடுவாள், அப்பாவின் பிள்ளை.

"செண்பகம்" என்றான். பெயர் சொல்லி அவளை அவன் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. "இங்க வா. வந்து எங்களக் கூட்டிட்டுப் போ. எங்க ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியல."

அவள் சிரித்தாள். "ஆமா, தெரியாது. காலையிலருந்து அந்தப் போனையே வெறிச்சு வெறிச்சுப் பாத்தா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். செருப்புச் சத்தம் நின்றது. பை சரசரக்கவில்லை. அவள் இருந்த திசையில் அவன் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மிருதுளாவுக்கும் தெரிந்திருக்காது.